கயிற்றைப் பிடித்திருக்கும் கைகள்

முத்துக் குளித்த காலத்தில், கல்லோடு பல பாகம் ஆழத்திற்கு இறங்கியவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்து நிற்பவரின் கையில் இருந்தது. அதனால் அந்த இடத்தில் நம்பிக்கைக்குரிய உறவினரையே, பெரும்பாலும் மைத்துனரையே, நிறுத்துவார்கள் என்று நம் முதியோர் சொல்வர். முழங்கால் காயத்தோடு வரும் இளம் விளையாட்டு வீரர்களின் குடும்பங்களைக் காணும்போது அந்தக் கயிறுதான் எங்கள் நினைவுக்கு வருகிறது.

கோவில்பட்டியின் ஹாக்கித் திடலாயினும், கடற்கரை ஊர்களின் கால்பந்து, கபடிக் களங்களாயினும், பெரும்பாலும் இக்காயம் ஒரே விதமாகவே நேர்கிறது. யாரும் வந்து மோதுவதில்லை. ஓடிவந்த பிள்ளை சட்டெனத் திரும்பும். அல்லது குதித்து ஒற்றைக் காலில் இறங்கும். மூட்டுக்குள் ‘டப்’பென்று ஓர் ஒலி, சில மணி நேரத்தில் வீக்கம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்து நிறுத்தும் முன் சிலுவைத் தசைநார் கிழிந்ததற்கான அடையாளம் அது. வளரிளம் பருவப் பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட அதிகம்.

இதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெயிட்டு நீவி விடுவதே வீடுகளில் நிகழும் முதல் தவறு. சில வாரங்களில் வீக்கம் வடியும், வலியும் குறையும். பிள்ளை மறுபடியும் களத்தில் இறங்கும். நிலையற்ற மூட்டு மீண்டும் மீண்டும் நழுவ, உள்ளிருக்கும் குருத்தெலும்பும் கிழியும். ஆகவே காலுக்கு ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, எலும்பு மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். எலும்பு வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு அறுவை முறை மாறுபடும் என்பதால் வயதையும் வளர்ச்சியையும் பார்த்தே முடிவெடுக்கப்படும்.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் குடும்பத்தின் கண்களே பெரிய காவல். 2022 நவம்பரில் சென்னையில், 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் முழங்கால் தசைநார் அறுவைக்குப் பின் போடப்பட்ட இறுக்கமான கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, முதலில் காலையும் பின்னர் உயிரையும் இழந்தார். அந்தத் துயரம் நம் எல்லோருக்கும் பாடம். மருந்துக்கும் அடங்காத வலி, விரல்கள் மரத்துப்போதல், குளிர்ந்து நிறம் மாறுதல், விரல்களை அசைக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நள்ளிரவானாலும் செவிலியரை அழையுங்கள். வீடு திரும்பிய பின்னர் என்றால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். “விடியட்டும், டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்” என்று காத்திருக்காதீர்கள். கெண்டைக்கால் வீக்கம், காய்ச்சல், காயத்தில் கசிவு ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதன் பிறகு வருவது நீண்ட பயணம். முதல் இரண்டு வாரங்களில் காலை முழுதாக நீட்டுவதும், வீக்கத்தை வடியச் செய்வதும், தொடைத் தசையை விழிக்கச் செய்வதுமே வேலை. ஏறத்தாழ மூன்றாம் மாதத்திற்குப் பின், இயன்முறை மருத்துவரின் அனுமதியோடு, நேர்கோட்டில் மெல்லோட்டம் தொடங்கும். நான்காம், ஐந்தாம் மாதங்களில்தான் உண்மையான சோதனை. அப்போது வலி இராது. பிள்ளை மாடிப்படியில் துள்ளி இறங்கும். ஆனால் உள்ளே பொருத்திய நார் இன்னும் முழு வலுப் பெற்றிருக்காது. “மாவட்டப் போட்டி வருகிறதே, ஒரே ஓர் ஆட்டம்” என்ற வேண்டுகோள் எழுவதும் அப்போதுதான். நாங்கள் மறுக்கும்போது வீட்டில் பெற்றோரும் மறுத்தாக வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 25 வயதுக்குள் இக்காயம் பெற்று விளையாட்டுக்குத் திரும்புவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ மீண்டும் தசைநார் கிழிகிறது. ஒன்பது மாதம் வரை திரும்புதலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் முழங்காலில் மறுகாயம் ஏற்படும் ஆபத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்று 2016-இல் வெளியான டெலவேர்–ஓஸ்லோ ஆய்வு காட்டியது. நாட்காட்டி மட்டும் போதாது. காயம்பட்ட காலின் வலிமை மறுகாலின் வலிமையில் 90 விழுக்காட்டையேனும் எட்டியதா என்பதையும் சோதித்தறிய வேண்டும்.

காத்திருப்பு வீணாகாது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் களத்தில் முழங்கால் முறுக்கித் தூக்குப்படுக்கையில் வெளியேறினார். ஒன்பது மாதங்கள் கழித்து, 2017 மே மாதத்தில், ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றார். 2018-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை ஆனார். 2023-இல் மறுகாலிலும் இதே தசைநார் அறுவை நடந்தது. மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் களத்தில் நின்றார்.

பெற்றோரே, ஆட்டம் நின்ற பிள்ளை மனமும் சோரும். தோழர்களைப் பார்க்கத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓரத்தில் அமர்ந்து புள்ளிக் கணக்கு எழுதட்டும். பள்ளிக்குச் சொல்லி, கீழ்த்தளத்து வகுப்பும் தேர்வறையும் கேட்டுப் பெறுங்கள். செலவைப் பற்றிய கவலை இருப்பின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட மேசையில், அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே விசாரியுங்கள்.

பயிற்சி செய்ய வேண்டியது பிள்ளை. குளித்தவர் தாமேதான் சிப்பி அள்ள வேண்டும். எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது இழுத்துப் பிடிப்பது என்று அறிந்து மேலே நிற்பது நம் பொறுப்பு. நீங்களும் நாங்களும் சேர்ந்து அந்தக் கயிற்றைப் பிடித்திருப்போம்.