தொலைவும் நேரமும்: ஜித்தா பயணத்தை முன்வைத்து

இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் உம்ராவுக்குப் புறப்படுவோர் நம்மிடம் முதலில் கேட்பது, "ஹள்ரத், விமானத்தில் எத்தனை மணி நேரம்?" என்பதே. இவ்வொரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன: தொலைவு எவ்வளவு? பறக்கும் நேரம் எவ்வளவு? கடிகாரம் எவ்வளவு மாறும்? இவற்றை ஒன்றெனக் கருதுவோர் வணக்கத்திலும் பிழைபட நேரும்.

முதலில் தொலைவு. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். இது தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பெற்றதன்று. பூமியாகிய கோளத்தின்மேல் வரையப்படும் மிகக் குறுகிய வில்லின் நீளம். கி.பி. 1025 அளவில் அல்-பீரூனீ தமது 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' நூலில், கஸ்னாவின் கிப்லாவை அறியும் பொருட்டு, பயணிகள் கூறிய பாதைத் தொலைவுகளில் வளைவுகளுக்கெனக் கழித்து, எஞ்சியதை இத்தகைய வில்லாகவே கணக்கிட்டார்.

அடுத்து நேரம். நம் ஊர்களிலிருந்து சென்னை சேரப் பொதிகை விரைவு இரயிலுக்கு ஓர் இரவு முழுதும் வேண்டும். அதனினும் எட்டு மடங்கான தொலைவை விமானம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் கடக்கிறது. உயர்வானக் காற்றின் திசைக்கேற்ப இது சற்றுக் கூடும், குறையும். காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் ஜித்தாவில் பகல் 1.30க்கு இறங்குவார். கடிகாரம் மூன்றரை மணி காட்டினும் பறந்தது ஆறு மணியே. இரு நாடுகளின் நேரமும் இரண்டரை மணி வேறுபடுவதே காரணம்.

இனி மார்க்கச் சட்டத்தைக் காண்போம். கஸ்ர் தொழுகை தொலைவைச் சார்ந்தது. நேரத்தையோ களைப்பையோ அன்று. ஹனஃபீ மத்ஹபில் நம் நாட்டு உலமாக்கள் கணித்த எல்லை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர். மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். இராஜபாளையத்திற்கு ஏறத்தாழ 85. எனவே மதுரைக்கு மட்டும் செல்லும் முன்னவர் முழுமையாகத் தொழுவார். பின்னவர் சுருக்கித் தொழுவார். ஜித்தாவை நாடியவரோ, இருவரில் எவராயினும், தம் ஊர் எல்லையைக் கடந்ததுமே பயணியாவார்.

நோன்பு கதிரவனைச் சார்ந்தது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் தீர்க்கரேகை வேறுபாடு 41 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாக 164 நிமிடம். ஆதலால் நோன்புடன் மேற்கே பறப்பவரின் பகல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நீளும். ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறந்தால் அந்நோன்பு முறிந்துவிடும்.

இஹ்ராமோ இடத்தைச் சார்ந்தது. விமானம் நிமிடத்திற்குப் பதினான்கு கிலோமீட்டர் செல்கிறது. "இறங்கியபின் பார்த்துக்கொள்வோம்" என்றிருப்பவர் மீக்காத்தைக் கடந்துவிடுவார்; திரும்பிச் சென்று இஹ்ராம் கட்டாவிடில் பலி கொடுக்க வேண்டிவரும். எனவே ஆடையை முன்னரே அணிந்து, அறிவிப்பு வந்ததும் தாமதியாது நிய்யத் செய்வதே பேணுதல்.

தொலைவு, கதிரவன், இடம் ஆகிய மூன்றையும் பிரித்தறிந்தோர்க்கு விமானத்தின் வேகம் குழப்பம் தராது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.