பட்டனை அழுத்தினால்தான் இறக்கை விரியும்!

பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு ஆட்டோ நுழைந்துவிட்டால் அடுத்தது வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். அதற்குள்ளே ஒரு தகர ஷெட், ஷெட்டுக்குள்ளே ஒரு லிஃப்ட், லிஃப்டின் மேலே... அம்மாடி, வெள்ளி நிற ஆடி டிடி! போஸ்டரில் பக்கவாட்டில் பார்த்துப் பெருமூச்சு விட்ட காரை, இப்படி அடிவயிற்றிலிருந்து அண்ணாந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"கீழே வந்து நில்லுங்க சார். காசு எந்த வழியா போவுதுன்னு தெரியும்" என்கிறார் மெக்கானிக் அண்ணன். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பையன்களைக் கன்னடத்தில் விரட்டுகிறார், ஸ்பேர் கடைக்காரரிடம் போனில் உருதுவில் பேரம் பேசுகிறார், காரிடம் மட்டும் தமிழில் பேசுகிறார். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

இது டிடியின் இரண்டாம் தலைமுறை. 2006-இல் வந்தது. 1998-இல் பிறந்த முதல் தலைமுறைக்கு வேகத்தில் பின்பக்கம் லேசாகி விபத்துகள் நடந்தன. ஆடி நிறுவனம் 2000-இல் கார்களைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஸ்பாய்லர் மாட்டிக் கொடுத்த கதை உலகம் அறிந்தது. அந்தப் பாடத்தின் பலன்தான் இதில் டிக்கிக்குள் ஒளிந்திருக்கும் இறக்கை. மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டினால் தானாக எழும், 80-க்குக் கீழே வந்தால் தானாகப் படுத்துக்கொள்ளும். டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி, பெங்களூரில் 10 கிலோமீட்டர் போக 34 நிமிடம் 10 விநாடி ஆனது. மணிக்கு 18 கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. அப்புறம் இறக்கை எங்கே எழுவது? அதற்கென உள்ளே ஒரு பட்டன் இருக்கிறது. சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டே அழுத்தி, பின்னால் நிற்கும் பைக் ஓட்டுபவருக்கு வேடிக்கை காட்டலாம். நானும் ஷெட்டில் அழுத்திப் பார்த்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று எழுந்ததே, அடடா!

இந்தக் கார் ஓடிக் கெடுவதைவிட ஊர்ந்துதான் அதிகம் கெடுகிறது. அண்ணன் டார்ச்சை கியர்பாக்ஸ் பக்கம் திருப்புகிறார். உள்ளே இருப்பது ஆறு கியர் டிஎஸ்ஜி. இரண்டு கிளட்ச், இரண்டுமே எண்ணெயில் குளித்தபடி வேலை செய்பவை. டிராஃபிக்கில் பிரேக்கை விட்டு, பிடித்து, விட்டு நகரும்போதெல்லாம் கிளட்ச் தேய்கிறது. தேய்ந்த துகள் எண்ணெயில் கலக்கிறது. 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். முன்னாள் ஓனர் 'ஆட்டோமேட்டிக்தானே' என்று விட்டிருந்தால், அழுக்கு எண்ணெய் நேரே மெகட்ரானிக்ஸ் பெட்டிக்குப் போகும். கியர்பாக்ஸின் மூளை அது. அதை மாற்றும் பில் லட்சத்தில் பேசும். "எண்ணெய்க்கு அழுதவன் மூளைக்கு அழணும்" என்கிறார் அண்ணன். இதை ஷெட் வாசலில் எழுதியே வைக்கலாம்.

அடுத்து எஞ்சின். 200 குதிரைத்திறன் கொண்ட 2.0 லிட்டர் டர்போ. பானெட்டைத் திறந்து, கையளவு ஒரு பம்பைக் கழற்றி, அதன் அடியிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைக்கிறார். தையல்காரர் விரலில் மாட்டும் உறை போல ஒரு குட்டி உலோகக் குப்பி. இதுதான் கேம் ஃபாலோயர். கேம்ஷாஃப்ட்டுக்கும் பெட்ரோலை அழுத்தத்தில் அனுப்பும் பம்புக்கும் நடுவில் உட்கார்ந்து ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். தலையில் கருப்புப் பூச்சு இருந்தால் நிம்மதி. பூச்சு போய் வெள்ளி தெரிந்தால் மாற்ற வேண்டும். கவனிக்காமல் விட்டால் நடுவில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் பம்பும் போச்சு, கேம்ஷாஃப்ட்டும் போச்சு. இத்தனூண்டு குப்பி, எவ்வளவு பெரிய எஞ்சினைப் பணயம் வைத்திருக்கிறது பாருங்கள்! சில திருகாணிகளைக் கழற்றினால் பார்த்துவிடலாம். பார்க்காமல் இந்தக் காரை வாங்குபவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

டைமிங் பெல்ட்டும் இந்த எஞ்சினில் ரப்பர்தான். 'ஓட்டவே இல்லை சார், வீட்டிலேயேதான் நின்றது' என்பார்கள் விற்பவர்கள். நிற்கும் காரிலும் ரப்பருக்கு வயதாகும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மாற்றும்போது கூடவே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் பிரிக்கும் கூலி ஒன்றுதான். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் இந்தக் காரிடம் காட்டாதீர்கள். உப்பு படிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி அடுத்ததுதான். இந்த எஞ்சினில் பெட்ரோல் வால்வுக்குப் பின்னால் தெளிக்கப்படுவதில்லை, நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. அதனால் வால்வைக் கழுவிவிட யாருமில்லை. கரி அடை அடையாகப் படியும், ஐடிலிங் நடுங்கும், காலையில் ஸ்டார்ட் செய்தால் இருமும். வைத்தியம் என்ன தெரியுமா? அக்ரூட் ஓடு! அக்ரூட் ஓட்டைப் பொடித்து, காற்றழுத்தத்தில் வால்வின் மேல் அடிக்கிறார்கள். கரி உதிர்கிறது, உலோகத்தில் கீறல் விழுவதில்லை. கூடவே வாக்வம் கிளீனர் உறிஞ்சுகிறது. பாதாம் அல்வாவுக்குத் துணை போகும் பருப்பின் ஓடு ஜெர்மன் எஞ்சினுக்குப் பல் விளக்குகிறது என்றால் சிரிப்பு வராதா?

3.2 லிட்டர் வி6 வைத்த டிடியும் உண்டு. உறுமல் அபாரம். ஆனால் அதில் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தச் செயின் இருப்பதோ எஞ்சினின் கியர்பாக்ஸ் பக்கம். செயின் தளர்ந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பொருளின் விலையைக் கேட்டுச் சிரித்தவர்கள் கூலியைக் கேட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

சஸ்பென்ஷனில் சில கார்களுக்கு மேக்னடிக் ரைடு இருக்கும். இரும்புத் துகள் கலந்த எண்ணெய் அதற்குள். மின்சாரம் பாய்ந்தால் நொடியில் கெட்டியாகும். நம்ம ஊர் ஹம்ப்களும் பள்ளங்களும் அதன் சீலைக் கிழித்துவிடுகின்றன. "நாலு ஷாக் மாத்துற காசுல ரெண்டு ஸ்கூட்டர் வாங்கலாம் சார்." சாதா ஷாக் வைத்த கார் கிடைத்தால் வருத்தப்படாதீர்கள் என்பேன்.

கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு நூல் கீழிறங்கி வழி விடும். பூட்டுக்குள் இருக்கும் பொடி சுவிட்ச் செத்தால் இறங்க மறுக்கும், கதவு ரப்பரைக் கிழிக்கும். மார்ச்சில் தபேபூயா மரத்தடியில் நிறுத்தி, இளஞ்சிவப்புப் பூ கொட்டப் படம் எடுத்துப் போடுகிறீர்களா? அழகுதான். வைப்பருக்குக் கீழே உள்ள வடிகாலில் அந்தப் பூ அடைத்துக்கொண்டால் முதல் மழையில் தண்ணீர் உள்ளே வரும்.

கடைசியாக ஆர்.டி.ஓ. இறக்குமதி செய்த காருக்கு 15 வயது முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க 40,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 வயது தாண்டினால் 80,000. வேறு மாநிலப் பதிவு என்றால் கர்நாடகத்தின் வாழ்நாள் வரியும் சேரும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு அது 18 சதவீதம், காரின் வயதுக்கேற்பக் குறையும். ஒரு நல்ல சேதி: 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிப் பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது.

டிடியின் உற்பத்தி 2023 நவம்பரில் ஹங்கேரியின் கியோர் ஆலையில் நின்றுபோனது. இனி இருப்பவைதான். ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் பாலிஷைப் பார்த்து வாங்காதீர்கள். டிஎஸ்ஜி எண்ணெய் மாற்றிய பில், பெல்ட் மாற்றிய பில் இரண்டையும் கேளுங்கள். ஃபாலோயரை உங்கள் கண்முன்னே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விலை போக ஒரு தொகையை முதல் வருடச் செலவுக்கென்று தனியே ஒதுக்குங்கள். பில் ஒன்றுமே இல்லை என்றால், ஸ்பாய்லர் பட்டனை மட்டும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, எழுந்து வந்துவிடுங்கள்.