காவலர் சங்கத்தில் யார் சேரலாம்?

காவலர்களின் சங்க உரிமையை நாடாளுமன்றம் கட்டுப்படுத்த அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி வந்த 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேரும் காவலருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ராஜபாளையம் சிறப்புக் காவல் படை 11ஆம் அணியில் கவாத்து பழகுபவருக்கும், பிளவக்கல் அணைப்பக்கம் ரோந்து போகும் ஏட்டுக்கும் இதே விதிதான்.

முற்றிலும் சமூக, பொழுதுபோக்கு, சமய நோக்கமுள்ள அமைப்புகளுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. கதவு சிறியதுதான், ஆனாலும் கதவு.

அதிகாரிகளின் நிலை வேறு. ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குத் தனிச் சங்கமே உண்டு. ஏட்டு அதில் சேர முடியாது.

தகுதியை விரித்த முன்மாதிரி இங்கிலாந்தில் இருக்கிறது. 1918, 1919 வேலைநிறுத்தங்களுக்குப் பின், 1919ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே காவலர் கூட்டமைப்பை உருவாக்கியது. வேலைநிறுத்தம் மட்டும் கூடாது. பெண் காவலர்கள் அதில் உறுப்பினராக 1948 வரை காத்திருக்க நேர்ந்தது. 1950இல் ஆர்தர் ட்ரூப் என்ற சார்ஜென்ட் தொடங்கிய பன்னாட்டுக் காவலர் சங்கமோ பதவி வேறுபாடே பார்க்கவில்லை. பணியில் இருப்பவரும் ஓய்வு பெற்றவரும் அதில் சேரலாம். நட்பு வளர்ப்பதே அதன் வேலை. ஊதியப் பேரம் கிடையாது.