பதினெட்டு லட்சத்தை வகுத்த புதுவைச் சோழிகள்

எக்செல்லைத் திறந்து ஏதாவது ஒரு செல்லில் 1/1/2000 என்று டைப் செய்யுங்கள். பிறகு அந்தச் செல்லின் ஃபார்மட்டை நம்பர் என்று மாற்றிப் பாருங்கள். 36526 என்று வரும். பயப்பட வேண்டாம், ஃபைல் கெட்டுப்போகவில்லை! கம்ப்யூட்டருக்குத் தேதி என்பதே ஓர் எண்தான். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே போகிறது.

இதே முறையில் 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவரிடம் இருந்தது தரையில் வைத்த சோழிகளும் மனப்பாடமும்தான். பார்த்துக் குறித்துக்கொண்டவர் ஜான் வாரன், முன்பு சென்னை வானாய்வு நிலையத்தைக் கவனித்தவர். அந்த ஆண்டு மே 31 இரவில் வரும் சந்திர கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கும்? இதுதான் கேள்வி.

பஞ்சாங்கத்துக்கு முதல் நாள், கலியுகம் பிறந்ததாகச் சொல்லப்படும் கி.மு. 3102 பிப்ரவரி 18. அன்றிலிருந்து 1825 மே 31 வரை ஓடிய நாட்கள் 17,99,312. இதை 7-ஆல் வகுத்தால் மீதி 4. கலி பிறந்தது வெள்ளி. நாலு நாள் தள்ளினால் செவ்வாய். கிழமை சரியாக வந்துவிட்டது.

அடுத்து சந்திரன். முதலில் 16,00,984-ஐக் கழிக்க வேண்டும் (இது கி.பி. 1282-இல் வரும் ஒரு நாள்). மிச்சம் 1,98,328. இதை 12372-ஆல் வகுத்தால் மீதி 376. அடுத்த வகுஎண் 3031. 376 அதைவிடச் சிறியது, அப்படியே விடலாம். கடைசியாக 248-ஆல் வகுத்தால் மீதி 128. விண்டோஸ் கால்குலேட்டரின் சயின்டிஃபிக் பிரிவில் உள்ள 'மாட்' பட்டன் மீதியை மட்டும் தரும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஏன் இந்த விசித்திர எண்கள்? சந்திரன் பூமிக்கு அருகில் வரும்போது வேகமாகவும், தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகர்கிறது. இந்தச் சுற்று சுமார் 27.55 நாள். முழு எண்ணாக இல்லையே! ஆனால் 9 சுற்று சேர்ந்தால் ஏறக்குறைய 248 நாள். 110 சுற்றுக்கு 3031, 449 சுற்றுக்கு 12372. (நாலு 3031-உம் ஒரு 248-உம் சேர்ந்ததுதான் 12372.) முழுச் சுற்றுகளைக் கழித்துக்கொண்டே வந்தால் பதினெட்டு லட்சம் 128-ஆகச் சுருங்கிவிடுகிறது.

அந்த 248 நாட்களுக்கும் சந்திரனின் நகர்வை, எழுத்துக்கு ஓர் எண் என்ற முறையில், 248 வாக்கியங்களாக்கி வைத்திருந்தார்கள். 128-ஆம் வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்தால் போதும். 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்ற பெயரே இதனால் வந்ததுதான். சூரியனுக்கும் ராகுவுக்கும் தனிக் கணக்கு உண்டு.

விடை? கிரகணத்தின் தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம்தான். முடிவில் 52 நிமிடம் தவறிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு வானியல் தத்துவம் எதுவும் தெரியாது, நினைவாற்றல்தான் அபாரம் என்கிறார் வாரன். நம் மேசை மேல் இருக்கும் பெட்டிக்கு மட்டும் கிரகணம் என்றால் என்னவென்று தெரியுமா என்ன?

உங்கள் பிறந்த தேதியின் எக்செல் எண்ணோடு 18,26,553-ஐக் கூட்டுங்கள். கலி நாள் கிடைக்கும். அதை 7-ஆல் வகுத்து மீதி 0 வந்தால் நீங்கள் பிறந்தது வெள்ளிக்கிழமை.