ஷோஃபாஜை எப்போது போடுவது?



அக்டோபர் மாதம் பிறந்ததும் புதுச்சேரியில் நாம் வானத்தைப் பார்க்கத் தொடங்குகிறோம். வடகிழக்குப் பருவமழை எப்போது வரும், மொட்டை மாடியில் நீர் தேங்காமல் போகுமா, வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்பதே நம் கவலை. அதே நாட்களில் பிரான்சில் வாழும் நம் பிள்ளைகளின் வீடுகளில் வேறொரு கேள்வி எழுகிறது. "ஷோஃபாஜைப் போட்டுவிடலாமா? இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா?" வீட்டை வெதுவெதுப்பாக்கும் ஏற்பாட்டை ஷோஃபாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லாலேயே நம்மவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இது ஏதோ தூரத்து நாட்டுக் காரியம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாத காலத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு நம் மக்களுக்கு அளிக்கப்பட்டது. அப்படித் தேர்ந்துகொண்டவர்களும், சொல்தாவாகப் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவர்களும், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் சார்செல், லா கூர்நேவ் போன்ற இடங்களிலும் வேறு நகரங்களிலும் வாழ்கிறார்கள். பேறுகாலத்திற்கும், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் இங்கிருந்து புறப்பட்டுச் செல்லும் பெற்றோரும் பலர். அவர்கள் இங்கே மழைக்கோட்டைத் தேடும் மாதத்தில் அங்கே குளிருக்குள் இறங்குகிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியை நாமும் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

நாள்காட்டி சொல்லும் நாள்

பிரான்சில் ஷோஃபாஜ் இரண்டு வகைப்படும். அடுக்குமாடிக் கட்டடம் முழுவதற்கும் ஒரே பாய்லரிலிருந்து வெந்நீர் குழாய் வழியாக எல்லா வீட்டு ரேடியேட்டர்களுக்கும் போவது ஒரு வகை. அந்தந்த வீட்டுக்கென்று தனியாக எரிவாயு பாய்லரோ மின்சார ரேடியேட்டரோ இருப்பது மற்றொரு வகை.

முதல் வகையில் வீட்டுக்காரர் கையில் நாள் இல்லை. வீட்டு உரிமையாளர் சங்கமோ, குடியிருப்பை நடத்தும் நிறுவனமோ அதை முடிவு செய்யும். அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை என்பது நெடுநாளைய வழக்கம். இது சட்டம் போட்ட தேதி அன்று, வழக்கம் மட்டுமே. குளிர் முந்தி வந்தால் குடியிருப்போர் சேர்ந்து முன்கூட்டியே தொடங்கச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாம் வகையில் முடிவு குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. குடும்பச் சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் பில்லைப் பார்க்கிறார், மற்றொருவர் குழந்தையின் கையைத் தொட்டுப் பார்க்கிறார். "கல்லறைத் திருநாள் வரைக்கும் தொடவே கூடாது" என்று சபதம் எடுப்பவர்களும் உண்டு. ஆனால் குளிர் தேதி பார்த்து வருவதில்லை. அக்டோபரில் பாரிஸில் பகலில் 16 டிகிரியும் விடியற்காலையில் 9 டிகிரியும் இருப்பது இயல்பு. ஓர் ஆண்டு மாதம் முழுவதும் இதமாகப் போகலாம், மறு ஆண்டு முதல் வாரத்திலேயே நடுங்கலாம்.

வெப்பமானி சொல்லும் அளவு

அப்படியானால் எதைக் கொண்டு முடிவு செய்வது? வீட்டுக்குள்ளே ஒரு வெப்பமானி இருப்பது முதல் தேவை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி, நலவாழ்வு பற்றிய வழிகாட்டுதலில், குளிர் நாடுகளில் வீட்டின் உட்புறம் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. முதியோருக்கும், சிறு குழந்தைகளுக்கும், நாள்பட்ட நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சேர்த்திருக்கிறது.

பிரெஞ்சுச் சட்டம் மேல் எல்லையைச் சொல்கிறது. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வந்த விதிகளின்படி வீட்டின் சராசரி வெப்பம் ஷோஃபாஜினால் 19 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. முதியோரும் பச்சிளம் குழந்தைகளும் தங்கும் இடங்களுக்கு விதிவிலக்கு உண்டு. உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறிய 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் பிரெஞ்சு அரசு எரிசக்திச் சிக்கனத் திட்டத்தை அறிவித்தபோது, இந்த 19 டிகிரி எல்லோர் வாயிலும் அடிபட்டது.

இப்போது நம் ஊரை நினைத்துப் பார்ப்போம். புதுச்சேரியில் ஜனவரி மாதத்து விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறோமே, அந்தக் குளிர்தான்! அதாவது, அங்கே ஷோஃபாஜ் நன்றாக ஓடும் வீட்டின் நடுக்கூடமே நம் மார்கழி விடியலைவிடக் குளிர்ந்தது. ஐம்பது அறுபது ஆண்டுகள் இந்த வெயிலில் பழகிய உடம்பு, விமானம் இறங்கிய மறுநாளே 17 டிகிரியில் உட்கார முடியாது. அங்கேயே பிறந்து வளர்ந்த பேரன் அரைக்கை பனியனோடு திரிவதால் பாட்டிக்கும் குளிராது என்று நினைப்பது தவறு.

ஆகவே ஒரு எளிய வழி இதுதான். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து, காலுறையும் கம்பளிச் சட்டையும் போட்ட பிறகும், வீட்டு வெப்பமானி 18 டிகிரிக்குக் கீழே நின்றால் தேதியைப் பார்க்காமல் ஷோஃபாஜைப் போடலாம். வீட்டில் முதியவரோ, கைக்குழந்தையோ, இருதய நோயாளியோ இருந்தால் அந்த மூன்று நாளும் காத்திருக்கத் தேவையில்லை.

பில் எங்கே ஏறுகிறது?

பிரான்சில் ஒரு வீட்டில் செலவாகும் எரிசக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஷோஃபாஜுக்கே போகிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் அக்டோபரில் பத்து நாள் தள்ளிப் போடுவதால் எவ்வளவு மிச்சமாகும்?

வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. அக்டோபரில் வெளியே 14 டிகிரி, உள்ளே 19 டிகிரி என்றால் வித்தியாசம் 5. ஜனவரியில் வெளியே 5 டிகிரி என்றால் வித்தியாசம் 14. ஆக அக்டோபரில் ஒரு நாள் செலவு ஜனவரியில் ஒரு நாள் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். மறுபுறம், அளவை ஒரு டிகிரி குறைத்தால் ஷோஃபாஜ் செலவில் சுமார் 7 விழுக்காடு குறைகிறது என்று பிரான்சின் எரிசக்தி, சுற்றுச்சூழல் முகமை கணக்கிட்டிருக்கிறது. குளிர்காலம் முழுவதும் 22 டிகிரியில் வைத்திருந்தவர் 20 டிகிரிக்கு இறக்கினால் கிடைக்கும் மிச்சம், அக்டோபரில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததால் கிடைத்ததைவிட மிகுதி.

படுக்கையறைக்கு இரவில் 17 டிகிரியும் நல்ல போர்வையும் பெரியவர்களுக்குப் போதும். இருட்டியதும் சன்னல் அடைப்புகளை மூடலாம். கதவின் அடியில் வரும் காற்றைத் தடுக்கலாம். ரேடியேட்டருக்கு முன் சோபாவையோ திரையையோ போடாமல் இருக்கலாம். இவையெல்லாம் காசு செலவில்லாத சிக்கனம்.

குளிர்காலத்தில் புதுச்சேரிக்கு வந்து தங்கும் ஓய்வூதியக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டைப் பூட்டி வரும்போது ஷோஃபாஜை முழுவதும் அணைத்துவிட்டால் குழாய்களில் நீர் உறைந்து வெடிக்க வாய்ப்புண்டு. பனிப்பூ குறி போட்ட உறைபனிக் காப்பு நிலையில் வைத்துவிட்டு வருவதே சரி. அது வீட்டை 7, 8 டிகிரியில் காத்துக்கொள்ளும்.

போடும் முன் பார்க்க வேண்டியவை

எரிவாயு பாய்லரை ஆண்டுக்கு ஒருமுறை தொழில் தெரிந்தவரை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். குளிர் வந்தபிறகு கூப்பிட்டால் ஆள் கிடைப்பது கடினம். செப்டம்பரிலேயே ஒருநாள் அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். ரேடியேட்டரின் மேல்பாதி சூடாகாமல் இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று பொருள். தனி ஷோஃபாஜாக இருந்தால் அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். மின்சார ரேடியேட்டரில் கோடை முழுவதும் படிந்த தூசியைத் துடைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பழுதான பாய்லரிலிருந்தும், அறைக்குள் மூட்டிய கரி அடுப்பிலிருந்தும் அது வரும். கொடைக்கானல் போன்ற நமது மலை ஊர்களிலும் கரியை மூட்டி அறையைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் விடியும்போது இறந்து கிடந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். "ஷோஃபாஜ் வேண்டாம், ஒரு கரிச்சட்டி போதும்" என்று எவரும் எண்ண வேண்டாம். குளிர் வருகிறது என்று காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்கவும் வேண்டாம். ஐயம் எழுந்தால் சன்னலைத் திறந்து, வெளியே வந்து, பிரான்சில் 15, 18, 112 ஆகிய எண்களில் ஒன்றை அழைக்க வேண்டும்.

ஷோஃபாஜைப் போடவே கூடாது என்று இருப்பதிலும் கேடு உண்டு. நம் வீடுகளில் சோறு வடிப்பதும், குழம்பு கொதிப்பதும், துணி உலர்த்துவதும் எல்லாம் அறைக்குள்ளேதான். அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் வியர்த்துக் கறுப்புப் பூஞ்சையாகப் படிகிறது. அது குழந்தைகளின் மூச்சுக்கு ஆகாது. மிதமான வெப்பமும், நாள்தோறும் பத்து நிமிடம் சன்னல் திறப்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

வாய் திறக்காதவர் யார்?

இவ்வளவையும் அறிந்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. வீட்டில் குளிர்வதாகச் சொல்பவருக்கு நாம் செவிகொடுக்கிறோம். சொல்லாதவரை என்ன செய்வது?

மகன் வீட்டில் தங்கியிருக்கும் தாய் சொல்ல மாட்டார். "அவன் இரண்டு வேலை பார்க்கிறான், நான் வேறு பாரமா?" என்று இன்னொரு சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயதாக வயதாக உடம்பு குளிரை உணர்வதே குறைகிறது என்பதால் அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். குளிரில் இரத்த அழுத்தம் ஏறும், இருதயத்திற்குச் சுமை கூடும். நீண்ட நாள் சர்க்கரை நோயுள்ளவருக்குக் கால் மரத்துப் போயிருக்கும். காலைச் சூடான ரேடியேட்டர்மேல் வைத்துப் புண்ணாக்கிக்கொண்ட பிறகே தெரியவரும். கைக்குழந்தைக்கும் சொல்லத் தெரியாது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று தனி அறையில் ஷோஃபாஜைத் தொடாமலே குளிர்காலத்தைக் கழிக்கும் இளைஞனும் தொலைபேசியில் "எல்லாம் நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வான்.

உடுக்க உடையில்லாமல் நிற்கும் சகோதரனைப் பார்த்துப் போய்க் குளிர்காய்ந்துகொள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 211-ஆம் பத்தியில் இதே ஷோஃபாஜைக் குறிப்பிடுகிறார். வசதி இருந்தும் வெப்பமூட்டலைக் குறைத்துக் கனமான உடை அணிபவரை அவர் பாராட்டுகிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெளிவாகிறது. சிக்கனம் வலுவுள்ளவர் தாமே விரும்பி ஏற்க வேண்டியது. அதை வலுவற்றவர்மேல் சுமத்தினால் அது சிக்கனமாகாது.

உண்மையிலேயே பணமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை கட்டணம் கட்டாததற்காக வீட்டின் எரிவாயுவையோ மின்சாரத்தையோ முற்றிலும் துண்டிக்கப் பிரெஞ்சுச் சட்டம் இடம் தருவதில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு எரிசக்திக் காசோலை தருகிறது. நகராட்சியின் சமூக உதவி அலுவலகத்தை அணுகலாம். 1946-இல் தொடங்கப்பட்ட பிரான்சின் காரித்தாஸ் அமைப்பான செகூர் கத்தோலிக்கின் கதவையும் தட்டலாம். கேட்பதில் வெட்கமில்லை. கட்டணத் தவணை கேட்டு நிறுவனத்திற்கு முன்கூட்டியே எழுதுவதும் நல்லது.

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் பிரான்சிலிருந்து தொலைபேசி வரும்போது சாப்பிட்டாயா என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேட்போம்: வீட்டுக்குள் இப்போது எத்தனை டிகிரி? அம்மா உட்காரும் இடத்தில் எத்தனை டிகிரி? பாய்லரைப் பார்த்தாயிற்றா? அங்கே இருக்கும் பெற்றோரிடம், குளிர்ந்தால் மகனிடம் சொல்லுங்கள், அது பாரமாகாது என்று நாமே எடுத்துச் சொல்வோம். வரும் குளிர்காலத்தில் நம் மக்களின் ஒவ்வொரு வீட்டிலும் எவரும் வாய் மூடி நடுங்காதிருக்க இறைவன் அருள்புரிவாராக.