அரியலூர்க் கடலின் சித்திரங்கள்

"அரியலூரில் கடற்கரை எங்கே இருக்கிறது?" என்று யாராவது கேட்டால், கேட்டவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அங்கிருந்து நேர் கிழக்கே பூம்புகார்க் கரையை அடையவே 80 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கமும், சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியும், முந்திரித் தோப்பும், புழுதியும்தான் அந்தச் சீமையின் அடையாளம். ஆயினும் அரியலூர்க் கடலுக்குச் சித்திரம் உண்டு! ஒன்றல்ல, இரண்டல்ல, தொகுதி தொகுதியாக உண்டு. அவை அச்சேறி 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன.

கரையைத் தீட்டியவர்கள்

புகைப்படம் வருவதற்கு முன்பு, தூரதேசத்துக் கடலை ஜனங்களுக்குக் காட்டியவை அச்சுச் சித்திரங்களே. ஓவியர் ஒருவர் தீட்டிய படத்தைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் பதிப்பார்கள். அதில் ஒரு முறைக்கு 'மெஸ்ஸோடிண்ட்' என்று பெயர். பல் வைத்த கருவியால் தகடு முழுவதையும் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே அச்சிட்டால் ஒரே கறுப்பாக வரும். பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்தை வெளியே இழுக்கும் வித்தை அது. புயலுக்கும் அலைக்கும் அதைவிடப் பொருத்தமான முறை ஏது? இங்கிலாந்தின் ஓவியர் டர்னர் 1807 முதல் 1819 வரை வெளியிட்ட 71 சித்திரங்கள் இந்த முறையில் பதித்தவை. அவற்றில் கடற் காட்சிகளுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது.

தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தவர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற சிற்றப்பனும் மகனும். 1792-ல் சென்னையிலிருந்து தெற்கே சுற்றுப்பயணம் புறப்பட்டவர்கள் இவர்கள். புனித ஜார்ஜ் கோட்டையையும் அதன் முன்னே மோதும் அலைகளையும் 'அக்வாடிண்ட்' என்னும் வேறொரு செப்புத்தகட்டு முறையில் அச்சிட்டார்கள். 1795-லிருந்து 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகளை இன்றும் செல்வந்தர்கள் தேடி வாங்குகிறார்கள்.

அரியலூர்க் கடலைத் தீட்டியவர்களுக்கோ அலையும் இல்லை, படகும் இல்லை. அவர்கள் முன்னே இருந்தவை வெறும் கற்கள்!

கல்லைக் கல்லில் வரைந்த கதை

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது. அது சில சமயம் முன்னேறியும் சில சமயம் பின்வாங்கியும் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்தது. அதில் வாழ்ந்த சங்கு, சிப்பி, நத்தை முதலியவை மடிந்து, சேற்றில் புதைந்து கல்லாயின. சாளக்கிராமத்தைப் பார்த்தவர்களுக்கு ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட அந்தச் சுழி தெரிந்திருக்கும். 'அம்மோனைட்' என்ற பழங்காலக் கடற்பிராணியின் ஓட்டுச் சுவடு அது. இமயத்துக் கண்டகி நதியில் கிடைப்பது போலவே பெரம்பலூரை அடுத்த காரையின் வெடித்த மண்மேடுகளிலும் அம்மோனைட்டுகள் கிடைத்து வந்திருக்கின்றன.

இப்பகுதியிலும் புதுச்சேரிப் பக்கத்திலும் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் பொறுக்கிச் சேர்த்த கல் உருவங்களைப் பற்றி, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846-ல் லண்டனில் எழுதினார். பின்னர் இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் வந்து ஊர் ஊராக அளந்தார். அடுக்கடுக்கான அந்தப் பாறைகளுக்கு அவர் இட்ட பெயர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்பவை. உலகெங்கும் நிலவியல் அறிஞர்கள் இன்றும் அந்த ஊர்ப்பெயர்களையே வழங்குகிறார்கள்.

சேகரித்த கற்களை ஆராயும் பொறுப்பு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவிடம் வந்தது. மொராவியாவில் பிறந்த அவர் 1862-ல் கல்கத்தா வந்தபோது வயது 24. சுமார் பத்து ஆண்டுகள் உழைத்து, தென்னிந்தியக் கடற்பிராணிகளைப் பற்றிய பெரும் தொகுதிகளை 1873-க்குள் முடித்தார். சித்திரங்கள் கல்லச்சில் பதிந்தவை. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து, கல்லை நனைத்து மை தடவினால், கோடு மட்டும் மையை ஏற்கும். அந்த அச்சுக்குப் பேர்போன ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் கல்லும் ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்ததுதான். ஒரு கடலின் கதையைச் சொல்ல இன்னொரு கடலின் கல்!

ஒவ்வொரு சிப்பிக்கும் பக்கத் தோற்றம், முன் தோற்றம் என்று தனித்தனிப் படம். அம்மோனைட்டின் உள்ளறைச் சுவர் ஓட்டைத் தொடுமிடத்தில் தெரியும் வளைகோட்டைக்கூட விடவில்லை. அந்தக் கோட்டைக் கொண்டே இனம் பிரிக்கவேண்டும் என்பதால், கைதவறினால் சாஸ்திரமே தவறிவிடும். ஸ்டோலிச்கா 1874-ல், யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் மலைகளில் நோயுற்று இறந்தார். வயது 36. லே நகரில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது.

கல் போகும், காகிதம் நிற்கும்

கல்லங்குறிச்சிப் பக்கத்தில் சிப்பிகளே பாறையாகக் குவிந்த சுண்ணாம்புக்கல் உண்டு. அதைத்தான் சிமெண்டுக்காக வெட்டுகிறார்கள். பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அரைத்துவிட்ட சிப்பி மறுபடி கிடைக்காது. எந்த மேட்டில் எந்த அடுக்கில் எது இருந்தது என்று பின்னால் வருகிறவர்கள் கேட்டால், பதில் சொல்லப் போவது பிளான்ஃபோர்டின் குறிப்பும் ஸ்டோலிச்காவின் சித்திரங்களுமே.

சில சாட்சிகள் மண்ணிலேயே பிழைத்திருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-ல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட 18 மீட்டர் நீளக் கல்மரம் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பழங்கடலில் மிதந்து வந்து புதைந்த மரம் அது. அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் கல்லுருவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்தப் பழைய தொகுதிகளும் இப்போது மின்வடிவில் வந்துவிட்டன. கைப்பேசி வைத்திருப்பவர் எவரும் பக்கம் புரட்டலாம். அரியலூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றில் ஒரு படத்தைக் காட்டி, வரப்பில் கிடக்கும் சிப்பியைக் கையில் கொடுத்தால் போதும். "எங்கள் ஊரில் கடல் இருந்தது" என்று சொல்ல அவர்களுக்கு வேறு சாட்சி எதற்கு?