காட்டிலிருந்து வரும் செய்தி

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்தில் செய்தி சேகரிக்கும் நிருபர், தம் கைப்பேசியிலேயே படம் பிடித்து, குறிப்பெழுதி, சில நிமிடங்களில் அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம். அவரே சத்தீஸ்கர் மாநிலத்தின் காட்டுக் கிராமம் ஒன்றுக்குச் சென்றால் நிலைமை வேறு. 2010-ஆம் ஆண்டளவில் அங்கே இணைய வசதி மிக அரிது. கைப்பேசியில் பேச மட்டுமே பல இடங்களில் இயன்றது. அந்தப் பேச்சையே செய்தியாக்க முடியுமா? முடியும் என்பதை அவ்வாண்டில் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’ காட்டிற்று.

பி.பி.சி. நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி, பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தாரின் துணையுடன் இதனை அமைத்தார். தொடக்கத்தில் இதற்குரிய கணிப்பொறியும் பெங்களூரிலேயே இருந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 30 லட்சம் மக்களின் தாய்மொழியாகிய கோண்டியிலும் செய்தி சொல்ல இது வழி செய்தது. எழுத்தறியாதவரும் நிருபராகலாயினர்.

இதன் செயல்முறை எளிது. கிராமவாசி குறித்த எண்ணை அழைத்துத் துண்டித்துவிடுவார். கணிப்பொறி அவரைத் திரும்ப அழைக்கும். ஆகவே அவருக்குச் செலவில்லை. செய்தி சொல்ல 1, கேட்க 2 என்று எண்களை அழுத்த வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு சுரங்கள் உண்டு. 1 என்பதற்கு விநாடிக்கு 697, 1209 அதிர்வுகள் கொண்ட சுரங்கள். இவற்றைக் கொண்டே எந்த எண் அழுத்தப்பட்டது என்பதைக் கணிப்பொறி அறிகிறது.

குரல் செல்லும் இடத்தில் படம் செல்லாதது ஏன்? பழைய ஜி.எஸ்.எம். முறையில் குரல் விநாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, 13,000 பிட்டுகளாகச் சுருக்கப்படுகிறது. ஓர் அலைத்தடத்தின் காலம் எட்டுப் பகுதிகளாக வகுக்கப்பட்டு, பேசுபவருக்கு ஒரு பகுதி முழுவதும் ஒதுக்கப்படும். படமோ பன்மடங்கு பிட்டுகள் கொண்டது. அதற்கு எஞ்சிய இடமே கிடைக்கும்.

எனினும், கருவி செய்தியைக் கொண்டுவருமேயன்றி, அதன் உண்மைக்குப் பொறுப்பேற்காது. பதிவான குரலைப் பயிற்சி பெற்றவர்கள் கேட்டு, தொலைபேசியில் விசாரித்துச் சரிபார்த்த பின்னரே வெளியிட்டனர். கூலி கிடைக்காமை, பழுதான கைப்பம்பு போன்ற குறைகளுடன் பொறுப்புள்ள அதிகாரியின் தொலைபேசி எண்ணும் சொல்லப்பட்டது. கேட்டவர்கள் அவரை அழைத்து முறையிட்டனர். குறைகள் பல தீர்ந்தன. பொய்ச் செய்தி ஒன்று புகுந்திருந்தால், அடுத்து வரும் மெய்ச் செய்தியையும் எவரும் நம்பியிரார்.

கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இதிலிருந்து கொள்ளத்தக்கன சில உண்டு. குரற்பதிவு செய்கையில் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க. முதலில் ஊர், நாள், தம் பெயர் ஆகியவற்றைக் கூறுக. கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வேறுபடுத்திச் சொல்க. எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு தொகை என்பவற்றை எண்ணால் குறிப்பிடுக. மாணவர்க்கும் இதனையே ஒரு பயிற்சியாக அளிக்கலாம்: தம் தெருவின் குறை ஒன்றை இரண்டு நிமிடங்களில் பேசச் செய்து, மற்றொரு மாணவனைக் கொண்டு நேரில் சரிபார்க்கச் செய்க. செய்தித் தொழிலின் அடிப்படை அவ்வளவிலேயே விளங்கிவிடும்.